கரடி வாங்கினால் காசு வருமா?

அமெரிக்கப் பழங்குடியினரான ஜூனி மக்கள் விலங்கு வடிவில் செதுக்கும் கல் பொம்மைகளை இணையத்தில் விற்கிறவர்கள் பலர் கூடவே ஒரு அட்டையும் வைத்து அனுப்புகிறார்கள். கரடி என்றால் ஆரோக்கியம், தவளை என்றால் செல்வம், ஓநாய் என்றால் குடும்ப ஒற்றுமை. வாரபலன் மாதிரி! எனக்கு இது அறவே பிடிக்கவில்லை.

ஜூனி ஊர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. அவர்களிடம் இந்த விலங்குகள் திசைக் காவலர்கள். வடக்கே மலைச்சிங்கம் (பூமா), மஞ்சள். மேற்கே கரடி, நீலம். தெற்கே பேட்ஜர் என்ற வளைதோண்டி விலங்கு, சிவப்பு. கிழக்கே ஓநாய், வெள்ளை. வானத்துக்குக் கழுகு, பாதாளத்துக்குக் கறுப்பு அகழெலி. ஆக, திசை ஆறு. 1879இல் அங்கே போய்ச் சில வருடம் தங்கிய அமெரிக்க மானுடவியலாளர் ஃபிராங்க் குஷிங் எழுதிவைத்த கதையில், மனிதர்களைக் கொன்று தின்ற விலங்குகளைச் சூரியனின் இரட்டைப் பிள்ளைகள் மின்னலால் கல்லாக்குகிறார்கள். உடம்பு கல்லானாலும் உள்ளே இதயம் உயிரோடிருக்கிறது. பொம்மையின் வாயிலிருந்து நெஞ்சுவரை பதித்திருக்கும் அம்புக்கோட்டை இந்தக் கதையோடு சேர்த்துப் பாருங்கள்.

வேலைப்பாட்டுக்கு வருவோம். மலைச்சிங்கத்தின் வாலைக் கவனித்திருக்கிறீர்களா? முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். மலைச்சிங்கத்துக்கு அதுதான் அடையாளம். தனியாக நீட்டிக்கொண்டிருந்தால் ஒடிந்தும் போகும். பழைய பொம்மைகள் சிலவற்றில் செதுக்கலே குறைவு. விலங்கு சாயலில் கிடைத்த கல்லில் கண்ணையும் வாயையும் லேசாகக் கீறியதோடு சரி. இன்றைக்கு மின்சாரச் சாணைச் சக்கரம், சின்ன டிரில் எல்லாம் வந்தாச்சு. ஆனாலும் 1966இல் மறைந்த ஜூனிச் சிற்பி லீக்யா டெயூஸ் டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லில் செய்த கட்டைகுட்டையான கரடியைப் பார்த்தபிறகு, இறகு இறகாகச் செதுக்கிய கழுகெல்லாம் எனக்கு வெறும் வித்தைகாட்டலாகத்தான் படுகிறது. (சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.)

விற்பனைக்குச் செய்வது வேறு, சடங்குக்குரியது வேறு. சடங்குக்குரியதற்குச் சோளமாவு படைத்துப் பானையில் வைத்துப் பேணுவார்கள். கடைச் சரக்குக்கு அந்தச் சடங்கு எதுவும் நடப்பதில்லை. அஹாயூதா என்ற மரத்தாலான போர்த்தெய்வ உருவங்களை வெயிலிலும் மழையிலும் மட்கிப்போகவென்றே வைப்பார்கள். அவற்றை எடுத்துப்போய்க் கண்ணாடிப் பெட்டியில் பாதுகாத்த அருங்காட்சியகங்களிடம் 1978 முதல் திருப்பிக் கேட்டு, பலவற்றை வாங்கியும்விட்டார்கள்.

வாங்க நினைப்பவர்கள் பலனைக் கேட்காதீர்கள், செதுக்கியவர் பெயரைக் கேளுங்கள். வெளிநாட்டில் செய்ததை ‘ஜூனி’ என்று விற்பது அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். டர்க்காய்ஸ் என்று சாயமேற்றிய பிளாஸ்டிக்கையும் தலையில் கட்டுகிறார்கள். பெயரைக் கேட்டதும் கடைக்காரர் ‘பழங்குடிக் கலை சார்’ என்று இழுத்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.