மைக்கை வாங்கிக்கொண்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு இளம் பெண்ணிடமிருந்து பாதியிலேயே மைக்கை வாங்கிவிட்டார்கள். நேரில் வராதவர்களும் வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த நாற்பது விநாடி வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை, எழுதுகிறேன்.

அந்தப் பெண் என்னிடம் தமிழ் படித்தவள். பெயர் போட மாட்டேன், அவள் பெயர் அடிபட்டது போதும். உயிர்வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறாள். இன்சுலின் கொழுப்புச் செல்லிடம் என்ன சொல்கிறது, செல் அதைக் கேட்காமல் போனால் உடம்பு என்ன ஆகிறது, இதுதான் அவள் வேலை. விடுமுறைக்கு வந்தவளைப் பேச அழைத்ததே நிர்வாகம்தான். வியாழக்கிழமை என் வீட்டுக்கு வந்து, இன்சுலின் வந்து ஒட்டிக்கொள்ளும் இடத்துக்குத் தமிழில் என்ன டீச்சர் என்று கேட்டாள். "ஏற்பி" என்றேன். எழுதிக்கொண்டாள். மொரீஷியஸில் நாம் எல்லாரும் பேசுகிற கிரியோலிலேயே பேசிவிடேன், எல்லாருக்கும் புரியுமே என்றேன். "கோயில்ல பேசறேன் டீச்சர், நாலு வார்த்தையாவது தமிழ்ல சொல்லணும்" என்றாள்.

பத்து நிமிடம் பேசியிருப்பாள். "போதும் பாப்பா, எலிக் கதை எதுக்கு, என்ன சாப்பிடலாம்னு சொல்லு" என்று மைக்கை வாங்கி, பாகற்காய்ப் பொடி விற்க வந்தவர் கையில் கொடுத்தார்கள். சபை சிரித்தது.

அந்த எலிக் கதையை முடிக்க விட்டிருக்க வேண்டும். என் சாப்பாட்டு மேஜையில் அவள் பேனாவால் வரைந்து காட்டியதை நான் முடித்துவைக்கிறேன். சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, கணையம் இன்சுலினை விடுகிறது. அது செல்லின் மேலுள்ள ஏற்பியில் போய் உட்காருகிறது. உள்ளே சேதி ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிப் போகிறது. கடைசியில், ஆழத்தில் கிடந்த குளூட்4 என்ற கதவுகள் மேலே ஏறி வந்து சர்க்கரையை உள்ளே விடுகின்றன. கதவுகள் இப்படி ஏறி வருவதை 1980-ல் கண்டுபிடித்ததே எலியின் கொழுப்புச் செல்லில்தான். அந்தச் செல்களை உயிரோடு தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் வழியை 1964-ல் மார்ட்டின் ராட்பெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி சொல்லியிருந்தார். இன்சுலின் கொழுப்புச் செல்லுக்கு இன்னொரு கட்டளையும் போடுகிறது: சேர்த்து வைத்திருப்பதை இப்போது வெளியே விடாதே. செல் அதைக் கேட்கவில்லை என்றால் கொழுப்பு அமிலம் ரத்தத்தில் கசிந்து ஈரலிலும் தசையிலும் போய்ப் படிகிறது.

இனிதான் அவள் சொல்ல வந்தது. இன்சுலின் சொல்லி ரத்தத்திலிருந்து போகும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. கொழுப்புச் செல் வாங்குவது சொற்பம். 2001-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பார்பரா கான் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் எலிகளின் கொழுப்புச் செல்லில் மட்டும் அந்தக் கதவை இல்லாமல் செய்து பார்த்தார்கள். தசையில் கதவு அப்படியே இருந்தது. ஆனாலும் தசையும் ஈரலும் இன்சுலின் பேச்சைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டன. கொழுப்பில் ஒரு கதவு போனதும் உடம்பு முழுக்கச் சேதி போயிருக்கிறது! வீடியோவை மறுபடி போட்டுப் பாருங்கள். "தசையில கதவு இருந்தும்" என்கிற இடத்தில் மைக் போகிறது.

இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. அன்று மண்டபத்தில் நூறு பேராவது இருந்தோம். கணக்கு நீங்களே போடுங்கள். நம் வீட்டு வியாதியைப் பற்றி நம் வீட்டுப் பெண் பேசினாள், நாம் கேட்கவில்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

"சாமானிய மக்களுக்கு ஆராய்ச்சி எதற்கு, பயன்படுகிறதைச் சொல்லட்டும்" என்று எழுதியிருக்கிறார் ஒரு அண்ணன். அவருக்கு நம் அடுப்படியையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1987-ல் இந்த நாட்டில் பெரிய அளவில் உடல்நலக் கணக்கெடுப்பு நடந்தது. அதற்குப் பிறகு ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு மாற்றினார்கள். 1992-ல் மறுபடி அளந்தபோது சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 0.8 மில்லிமோல் குறைந்திருந்தது. நம்மில் யாரும் அந்த ஆராய்ச்சியைப் படிக்கவில்லை. ஆனால் நம் வாணலியில் அது இருந்தது.

"பாகற்காய் நம் பாரம்பரியம்" என்கிறார்கள். சரி, நானும்தான் சமைக்கிறேன். அதைக் காய் என்று சாப்பிடுவதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. மருந்தை நிறுத்திவிட்டு இதைக் குடி என்று பொடி விற்றவர் மைக்கில் சொன்னாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் அம்மா ஒல்லி. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்து இறுகிய உடம்பு. ஒல்லியானவளுக்குச் சர்க்கரை எங்கே வரும் என்று அத்தைமார் எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். பரிசோதனையில் தெரிந்த பிறகும் இரண்டு வருஷம் பாகற்காய்ச் சாறுதான். காலையில் வெறும் வயிற்றில், என் கையால் வடிகட்டிக் கொடுத்தேன். அம்மா முகம் சுளிக்காமல் குடிப்பார். அப்புறம் குதிகாலில் ஒரு புண் வந்தது. ஆறவே இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்த பிறகும் அந்தக் கால் அரிக்கிறது என்று ராத்திரியில் என்னை எழுப்புவார்.

அந்தக் கதையைக் கேட்டுத்தான் இந்தப் பெண் கொழுப்புச் செல்லுக்குப் போனாள். பதினாறு வயதில் என் வகுப்பில் இருந்தாள். ஒல்லியானவர்களுக்கு ஏன் டீச்சர் வருகிறது என்று கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது அவளே சொல்கிறாள்: தோலுக்கடியில் கொழுப்பைப் பத்திரமாக வைக்க இடம் போதாத உடம்புகள் உண்டு, இந்திய வம்சாவளியினரில் அது அதிகம். வைக்க இடமில்லாத கொழுப்பு ஈரலைத் தேடிப் போகிறது. பிறவியிலேயே உடம்பில் கொழுப்பு இல்லாதவர்களுக்கு மிகக் கடுமையான சர்க்கரை வியாதி வருகிறது. கொழுப்புச் செல் நம்மைக் காக்கவும் செய்கிறது.

இதைப் படித்த பிறகாவது அந்த வீடியோவின் கீழே "முதலில் இவள் இளைக்கட்டும்" என்று எழுதியவர் அதை அழிக்க வேண்டும். அவர் மகளும் என்னிடம்தான் படித்தாள். ஒரு பெண் மேடையேறினால் அவள் இடுப்பைத்தான் முதலில் பார்ப்போமா? தைப்பூசக் காவடிக்கு அவள் வெளிநாட்டிலிருந்து லீவு போட்டு வருகிறாள், பத்து நாள் விரதம் இருக்கிறாள், அப்போதெல்லாம் நம் பிள்ளை. வாய் திறந்தால் பாப்பா.

"மாணவிக்காக டீச்சர் வக்காலத்து வாங்குகிறார்" என்பீர்கள். ஆமாம், வாங்குகிறேன். நிர்வாகத்துக்கு எதிராக எழுதுகிறேன் என்பீர்கள். முப்பது வருஷம் அந்தக் கோயிலில் கோலம் போட்டிருக்கிறேன், எனக்கு அந்த உரிமை உண்டு. நேரம் குறைவாக இருந்தது என்றும் ஒருவர் சொன்னார். பொடி விற்றவர் நாற்பது நிமிடம் பேசினார்.

அன்று ராத்திரி அவளிடமிருந்து செய்தி வந்தது. மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஏற்பி என்றபோது அவங்களுக்குப் புரிஞ்சிருக்குமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் எழுதவில்லை.