தாளம் மட்டும் காரணமா?
பம்பை, உடுக்கையின் வேகமே மூளையை மயக்கி அருள் வரவைக்கிறது என்று சாமியாட்டம் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. காங்கேயம் பக்கம் எங்கள் ஊரில் பொன்னர், சங்கர் சகோதரர்களைப் பாடும் அண்ணன்மார் கதையின் படுகளத்தை, அதாவது அவர்கள் களத்தில் மடிவதை நிகழ்த்தும் சடங்கை, சிறுவயது முதல் பார்க்கிறேன். உடுக்கை அடிக்கும் என் சித்தப்பாவுக்கு ஒருமுறைகூட அருள் வந்ததில்லை. விரல் வெடித்துத் துணி சுற்றியிருப்பார், கண் மட்டும் தெளிவாக இருக்கும். அருள் வந்து விழுபவர்களும் கண்ட நேரத்தில் விழுவதில்லை. கதையில் சங்கர் சாயும் இடம் வரவேண்டும். பிறகு சங்கரின் தங்கை தங்காளின் பெயரால் தண்ணீர் தெளித்தால் எழுகிறார்கள். தாளம் அப்போதும் ஓயாமல்தான் இருக்கும்! இசை தானாக யாரையும் ஆட்டுவிப்பதில்லை, அந்தச் சடங்கில் ஊறிய மனம் வேண்டும் என்று பிரெஞ்சு இசை ஆய்வாளர் ழில்பர் ரூஜே 1980இலேயே வாதிட்டிருக்கிறார். கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் ‘எல்லாம் நடிப்பு’ என்று எழுதியிருக்கிறார். அருள் வந்து முள்ளில் விழுந்து, முழங்கால் வலியை மறுநாள் காலையில்தான் உணர்ந்தவரை அவர் பார்த்ததில்லை போலும்.