போர்த்துக்கீசருக்கு முந்தியும் கப்பல் வந்ததுதானே

கட்டுரை நல்லாத்தான் இருக்கு, ஆனா இலங்கையின்ட கடல் வாணிபம் எண்டு தலைப்பு போட்டுட்டு நேரா 1505ல போர்த்துக்கீசர் வந்ததில இருந்து தொடங்கினது எனக்கு சரியாப் படேல்ல. அதுக்கு முந்தின ஆயிரம் வருசத்துக்கும் மேலான கதை எங்க போச்சு? மன்னார்ப் பக்கம் இருந்த பழைய மாந்தைத் துறைமுகத்தைப் பற்றி ஒரு வரியும் இல்ல. அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாயவில ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின கப்பல் கடலுக்கடியில கிடக்கு, கண்ணாடிக் கட்டியெல்லாம் எடுத்திருக்கிறாங்கள்.

எனக்குப் பிடிச்சது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில இருக்கிற நயினாதீவுக் கல்வெட்டு. 12ம் நூற்றாண்டில பொலன்னறுவை ராசா முதலாம் பராக்கிரமபாகு தமிழில வெட்டுவிச்சது, யானை குதிரை கொண்டு வாற கப்பல் உடைஞ்சா காற்பங்கு அரசாங்கத்துக்கு மிச்சம் முக்கால்பங்கு கப்பல்காரனுக்கு, வேற சரக்குக் கப்பல் எண்டா பாதிக்குப் பாதி. ஏன் அந்த வித்தியாசம் எண்டா ராசாவுக்கு யானையும் குதிரையும் தேவை, அதைக் கொண்டு வாறவன் பயந்து நிண்டுடக் கூடாது. இப்ப இன்சூரன்ஸ்காரர் கூட இவ்வளவு தெளிவா சொல்லமாட்டினம் 😄

கொழும்பில இருக்கிற ஆக்கள் மியூசியத்துக்குப் போனா சீனக் கடற்படைத் தளபதி செங் ஹவின்ட 1409ம் ஆண்டுக் கல்லைக் கட்டாயம் பாருங்கோ. சீனம், தமிழ், பாரசீகம் மூண்டு மொழி, சீனத்தில புத்தருக்கு, தமிழில தெனவரை நாயனார் எண்ட தெய்வத்துக்கு, பாரசீகத்தில அல்லாவுக்கு எண்டு காணிக்கை. 1911ல காலியில மதகு ஒண்டை மூடிக் கிடந்த கல்லாம் அது!