காந்தாரம் இறங்கட்டும், விடுங்கள்

குழந்தைகள் வயலின் கற்பதைக் கலைப்படமாக எடுப்பவர்கள் பலரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். வகுப்பில் பதிவான சத்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே பியானோவை ஓடவிடுகிறார்கள். பிள்ளை வில் இழுக்கிறது. நமக்குக் கேட்பது வேறு யாரோ வாசித்த சோகம். அதற்கு நீச்சல் வகுப்பையே எடுத்திருக்கலாம்.

கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையின் முதல் வரியையே பாருங்கள், ச ரி க ம என்று ஏறி இறங்குவது. ராகம் மாயாமாளவகௌளை. சட்ஜம், அதாவது ‘ச’, சிக்கலில்லை, விரல் வைக்காமல் தந்தியை இழுத்தால் போதும். ‘ரி’, அதாவது சுத்த ரிஷபத்துக்கு, முதல் விரல் பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) பக்கம் நன்றாக ஒட்டி விழ வேண்டும். ‘க’, அதாவது அந்தர காந்தாரம், அங்கிருந்து மூன்று ஸ்வர ஸ்தானம் தள்ளி இருக்கிறது. ‘ம’, அதாவது மத்தியமமோ, காந்தாரத்துக்கு அடுத்த வீடு. ஏழு வயதுக் கையில் இரண்டாம் விரல் அவ்வளவு தூரம் லேசில் நீளாது. அதனால் காந்தாரம் சுருதி இறங்கித்தான் பேசும். பிள்ளை அதைக் காதில் வாங்கி, விரலை நூலளவு நகர்த்தி, சுருதியோடு சேர்க்கப் பார்க்கிற அந்த இரண்டு நொடிதான் படம். பியானோ முதலில் விழுங்குவதும் அதைத்தான்.

அந்த வயதுக்குக் கால் சைஸ் வயலின் போதும். பார்க்க எடுப்பாக இருக்குமே என்று முழு சைஸைக் கொடுத்தால் வில் நுனிவரை இழுக்கக் கை எட்டாது, தோள் தூக்கிக்கொள்ளும். புது வில்லென்றால் ரோசின் தேய்த்தாயிற்றா என்று பாருங்கள். தேய்க்காத முடி தந்தியைப் பிடிக்காமல் வழுக்கும், சத்தமே வராது.

ஒலிப்பதிவில் பெரிய வில்லங்கம், வகுப்பு முழுக்கச் சுருதி கொடுக்கும் எலக்ட்ரானிக் தம்புரா. நடுவில் வெட்டி ஒட்டினால் அதன் மீட்டல் பாதியில் அறுந்து தாண்டும்; கண் ஏமாந்தாலும் காது ஏமாறாது. அணைக்கவும் முடியாது, பிறகு பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும்? சத்தத்தைக் குறைத்து வையுங்கள். வகுப்பு முடிந்ததும் அதே சுருதியில், அதே அறையில், தம்புராவை மட்டும் ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டின இடத்தில் ஒட்டுப்போட அது வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும் என்று தனியே சொல்லத் தேவையில்லை.

காமிரா தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கட்டும். பிள்ளை கீழே உட்கார்ந்து, வயலின் தலையை வலது கணுக்காலில் சாய்த்திருக்கும். நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் கிடைக்கும். விரலுக்கு ஒரு குளோசப், முகத்துக்கு ஒரு குளோசப் என்று பிரிக்காதீர்கள். பிசகுகிற விரலும் அதைக் கேட்கிற முகமும் ஒரே ஷாட்டில் வேண்டும்.

அந்த முதல் வரி ஆதி தாளம், முதல் காலம், அதாவது மெதுவான வேகம். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), 16 அட்சரம் (தாள எண்ணிக்கை). நிதானமாக வாசித்தாலும் 20 நொடி. எடிட்டர் அதற்குள் நாலு கட் வைத்துக் காட்டுவார். ஒன்றையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.