கன்று நட்டால் போதுமா?

‘வெட்டிய மரத்துக்கு ஈடாகக் கன்று நட்டால் மலைச்சரிவு பத்திரம்’ என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அங்கேதான் இடிக்கிறது. மரத்தை வெட்டியதும் வேர் உடனே போய்விடாது. சில ஆண்டுகளில் மெல்ல மக்கும். மண்ணின் பிடி அப்போதுதான் தளரும். கன்றின் வேரோ அதற்குள் ஆழம் போயிருக்காது. அந்த இடைவெளியில் பெருமழை வந்தால்? வெள்ளமும் மண்சரிவும் கொண்டுவந்த 2017 நவம்பர் மழையை மலேசியாவின் பினாங்கில் யாரும் மறக்கவில்லை.

அப்புறம் இந்தச் சருகு. பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுப் பின்சரிவில் சருகு கிடக்கும் பக்கம் மழைநீர் தெளிவாக வடிகிறது. கூட்டிப் பெருக்கிய பக்கம் மண் கரைந்து தே தாரேக் (பால் தேநீர்) நிறத்தில் ஓடுகிறது. மழைத்துளியின் அடியைச் சருகு வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொன்னேன். “பாம்பு வருமே” என்கிறார். அதுவும் சரிதான்.