அண்ணமார் கதைக்கு ராத்திரி வேணும்

கொங்குப் பக்கத்துக் கோயில் நோம்பி (திருவிழா) நோட்டீஸில் "இரவு 8 மணிக்கு அண்ணமார் கதை உடுக்கடிப் பாட்டு" என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழேயே "10 மணிக்கு ஆர்கெஸ்ட்ரா". பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின், பல ராத்திரி நீளும் கதையை இரண்டு மணி நேரத்தில் பாடச் சொன்னால் பாடகர் என்ன செய்வார்? கொம்பன் பன்றி வேட்டை, அண்ணன்மார் மடியும் படுகளம், தங்கை தங்காளின் புலம்பல் என்று ஊருக்கே தெரிந்த இடங்களைத் தொட்டுவிட்டு முடிப்பார். அவர்களைப் பெற்ற குன்னுடையான், தாமரை பட்ட பாடெல்லாம் அடிபட்டுப் போகும். பாடாத பகுதி, பின்னால் நின்று திருப்பிப் பாடும் பின்பாட்டுக்காரருக்கு முதலில் மறக்கும். அப்புறம் முன்பாட்டுக்காரருக்கே மறக்கும்.

செலவைக் குறைக்க "ஒருத்தர் வந்தாப் போதும்" என்று கமிட்டியில் சொல்கிறார்கள். அதுதான் பெரிய தப்பு. பின்பாட்டுக்காரர் அடியின் வாலைப் பிடித்துத் திருப்பிப் பாடும் அந்த மூச்சு நேரத்தில்தான் முன்பாட்டுக்காரர் அடுத்த அடியைக் கட்டுகிறார். பின்னால் நின்று வருஷக்கணக்கில் திருப்பிப் பாடித்தான் கதை அடுத்தவருக்குப் போகிறது. இதற்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது. பின்பாட்டுக்காரரின் சம்பளத்தை வெட்டினால் பள்ளிக்கூடத்தையே மூடுகிறோம்.

மைக் செட்காரரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இறுக்கினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் உடுக்கையின் பேச்சு. எக்கோவைத் திறந்துவிட்டால் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்டு அது அழிந்துவிடும். எக்கோ வேண்டாம். வாய்க்கு ஒரு மைக், உடுக்கைக்கு ஒரு முழம் தள்ளி இன்னொன்று. பனி இறங்கினால் தோல் தளர்ந்து சத்தம் மந்தமாகும், அதைக் காய்ச்சிக்கொள்ளப் பக்கத்தில் கொஞ்சம் நெருப்பும் வேண்டும்.

1960-களில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் இந்தக் கதையை டேப்பில் பதிந்தார். நம் வீட்டுப் பரண்களிலும் கேசட்டுகள் கிடக்கின்றன. வெள்ளைப் பூசணம் பிடித்ததை அப்படியே ஓட்டாதீர்கள், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நல்ல கேசட்டை முதலில் கடைசிவரை ஒருமுறை ஓட்டித் திருப்புங்கள், ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் பிரியும். ஒவ்வொரு கேசட்டுக்குப் பிறகும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடையுங்கள். சத்தம் மூடினாற்போல இருந்தால் ஹெட் பக்கத்துத் திருகாணியை மெல்லத் திருப்பி, உடுக்கை அடி கணீரென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் கோப்பாக ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். எம்பி3 அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். பாடியவரிடமோ அவர் வீட்டாரிடமோ கேட்காமல் வெளியிடக் கூடாது. வேளாளர், வேட்டுவர் இரண்டு பக்கமும் வரும் கதை இது, முன்பின் வெட்டி ரீல்ஸ் போட்டால் வம்புதான் மிஞ்சும்.

ஆனாலும் கேசட் யாருக்கும் பின்பாட்டுச் சொல்லித் தராது. மரபுக் கலைகளைக் காப்பதற்கான 2003-இன் யுனெஸ்கோ உடன்படிக்கையும் (இந்தியா ஏற்றது 2005-இல்) பாதுகாப்பு என்பதில் ஆவணத்தோடு அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுவதையும் சேர்த்தே சொல்கிறது. நம் கொங்குப் பக்கத்து வள்ளி கும்மி ஆட்டத்தைப் பாருங்கள். 2024-இல் பத்மஸ்ரீ பெற்ற பத்ரப்பன் ஐயா பெண்களுக்கும் கற்றுத் தந்தார். இன்றைக்குச் சாயங்காலமானால் கோயில் மைதானங்களில் பேத்தியும் பாட்டியும் ஒரே வட்டத்தில் அடி வைக்கிறார்கள். கும்மிக்குத் திறந்த கதவை உடுக்கைக்கும் திறக்கலாம்.

நோம்பிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி எழுதும்போதே பின்பாட்டுக்காரருக்கும், கற்றுக்கொள்ள வரும் ஒரு பிள்ளைக்கும் சம்பளம் ஒதுக்குங்கள். படுகளச் சடங்கு நடக்கும் அன்று பாட வேண்டியதை அன்றைக்கே பாடட்டும், அது சாமி காரியம். மற்ற கதைக்கு நோம்பிக்கு முன்னால் இரண்டு ராத்திரி தனியாகக் கொடுங்கள். இந்த வருஷம் நிறுத்திய அடியைக் கமிட்டி நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த வருஷம் அங்கிருந்தே எடுக்கலாம். ஒரு ஊரால் முடியாவிட்டால் பக்கத்து நாலு ஊர் சேர்ந்து ராத்திரியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆர்கெஸ்ட்ராவை மறுநாளைக்கு வையுங்கள்.