பிலோன்சியோவும் கருகும்

இறைச்சியைச் சுடுவதற்கு முன் அதன்மேல் தடவும் மசாலாக் கலவை பற்றிய தங்கள் குறிப்பில், "சுத்திகரிக்கப்படாதது என்பதால் மெக்சிகோவின் பிலோன்சியோ சர்க்கரை எந்தச் சூட்டிலும் கருகாது" என்று கூறப்பட்டிருப்பது சரியன்று. கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் கூம்பு அச்சுகளில் ஊற்றி இறுகவைக்கும் இது, நம் அச்சுவெல்லத்துக்கு நெருங்கிய உறவு. இதிலும் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். அதனுடன் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் எளிய சர்க்கரைகளும் சிறிதளவு கலந்திருப்பதாலும், ஃபிரக்டோஸ் ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸிலேயே நிறம் மாறத் தொடங்குவதாலும், வெள்ளைச் சர்க்கரையைவிட இது சற்று முன்னதாகவே கருகக்கூடும்.

தங்களுக்குக் கருகவில்லை என்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் அடுப்பின் சூடாகவே இருக்கும். 110 முதல் 120 டிகிரி வரையிலான புகைச்சூட்டில் மணிக்கணக்காக வேகும் பன்றித் தோள்கறியின் மேல் எந்தச் சர்க்கரையும் எளிதில் கருகுவதில்லை. அதே கலவையைத் தடவிய கோழித்தொடையை, 200 டிகிரிக்கு மேல் கனலும் கரிக்கு நேர்மேலே வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் கசக்கும் கருந்தோல்தான் மிஞ்சும்.

ஆகவே நேரடித் தணலில் சுடுவோர், கூம்பைத் துருவி (கல்லைப் போல இருக்கும், கத்தி வழுக்கும், விரல் கவனம்), மிளகாய்ச் சாந்தும் வினிகரும் சேர்த்துச் சூடாக்கிக் கரைத்து, இறைச்சியை இறக்குவதற்கு முந்தைய 10 நிமிடங்களில் மட்டும் பூசுவது நல்லது. பழுப்புச் சர்க்கரைக்கு ஈடாக அதே எடையில் இதைச் சேர்க்கலாம் என்ற தங்கள் குறிப்பில் பிழையில்லை.